10.32க்கு அனுப்பப்பட்டது

ஜூன் 14, வெள்ளி

இல்லை, அந்த வரியை யார் எழுதினார்கள் என்பது முக்கியமில்லை. பிரிட்டோ அண்ணாவும் கூட்டத்தில் அதைத்தான் சொன்னார். "யாருன்னு கேக்குறதுக்கு இல்ல இந்த மீட்டிங். ஏன்னு கேக்குறதுக்கு." அவர் எங்கள் குழுத் தலைவர். ஏழு பேரும் தலையாட்டினோம். நிரலின் ஒவ்வொரு வரிக்கும் வரலாறு உண்டு. யார், எந்த நாள், எத்தனை மணி எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். யாரும் திறந்து பார்க்கவில்லை. அது ஒரு நாகரிகம்.

நடந்ததை எழுதி வைக்கிறேன். எழுதினால் சின்னதாகும்.

ஜாவா மொழியில் எழுதிய எங்கள் மென்பொருள், சர்வீஸ் என்போம், ஒரு மருத்துவமனைக்காக ஓடுகிறது. இரண்டு பேரோடு பேசும். மருத்துவமனையின் பரிசோதனைக்கூட சர்வர் ஒன்று. குறுஞ்செய்திகளை அனுப்பித் தரும் வெளி நிறுவனம் ஒன்று. இரண்டும் பூட்டிய இணைப்புகள். எதிர்ப்பக்கம் முதலில் தன் சான்றிதழைக் காட்டும். அதற்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டவரைத் தெரியுமா என்று ஜாவா தன் பட்டியலில் தேடும். தெரிந்தால் பேசும். தெரியாவிட்டால் பேச்சே கிடையாது.

தனியாகச் சொல்லாதவரை, மொத்த சர்வீசுக்கும் பட்டியல் ஒன்றுதான்.

திங்களன்று பரிசோதனைக்கூடம் புது சர்வருக்கு மாறியது. மருத்துவமனை தானே தயாரித்த சான்றிதழ். ஜாவாவோடு வரும் பொதுப் பட்டியலில் அது இல்லை. ரத்தப் பரிசோதனை முடிவுகள் நின்றுபோயின. அவசரம். ஒருவர் ஒரு வரி சேர்த்தார்: இனி இந்தப் பட்டியலைப் பார். அந்தப் பட்டியலில் பரிசோதனைக்கூடம் மட்டும் இருந்தது. முடிவுகள் வர ஆரம்பித்தன. எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். அந்த நிமிடத்திலிருந்து குறுஞ்செய்தி நிறுவனம் எங்களுக்கு அந்நியம்.

திங்கள் மாலை முதல் வியாழன் மதியம் வரை. அறுபத்து மூன்று செய்திகள். ஒன்றும் போகவில்லை. சர்வீஸ் எழுதும் பதிவேட்டில், லாகில், ஒரே எச்சரிக்கை அறுபத்து மூன்று முறை. டிஸ்சார்ஜ் செய்தி வரவில்லை என்று யாரோ கவுண்ட்டரில் சண்டை போட்ட பிறகுதான் கண்டுபிடித்தோம். தேங்கிக் கிடந்த அறுபத்து மூன்றையும் அழித்தோம். பழைய செய்தியை அனுப்பினால் குழப்பம்தான் வரும்.

இப்போதைக்கு இரண்டு பக்கச் சான்றிதழ்களையும் ஒரே பட்டியலில் திணித்து ஓட்டுகிறோம். முறையான வேலை வேறு. இணைப்புக்கு ஒன்றாகத் தனித்தனி எஸ்எஸ்எல் கான்டெக்ஸ்ட் என்ற நம்பிக்கைப் பெட்டி கட்ட வேண்டும். அவரவர் பட்டியல் அவரவருக்கு. ஒன்றில் கைவைத்தால் மற்றதற்குத் தெரியவே கூடாது. அந்தப் பொறுப்பு எனக்கு.

"நீதான் வான்மதி இதை நிதானமா செய்வ" என்றார் பிரிட்டோ அண்ணா. என் முகத்தைப் பார்க்காமல்.

மருத்துவமனைக்குப் போன கடிதத்தில் ஒரு வாக்கியம்: சில குறுஞ்செய்திகள் தாமதமாகியிருக்கலாம்.


ஜூன் 15, சனி

துணி துவைத்தேன். ஹாஸ்டல் மாடிக் கொடியில் இடமில்லை. ஈரத்தோடு அறைக்கே கொண்டுவந்தேன்.


ஜூன் 18, செவ்வாய்

வேலை நகர்கிறது. பரிசோதனைக்கூடத்துக்கு ஒரு கான்டெக்ஸ்ட். அதற்குள் மருத்துவமனைச் சான்றிதழ் மட்டும். குறுஞ்செய்திக்கு இன்னொன்று. அதற்குள் பொதுப் பட்டியல். ஒவ்வொரு இணைப்பும் பிறக்கும்போதே தன் கான்டெக்ஸ்டைக் கையில் பிடித்துக்கொண்டு பிறக்க வேண்டும். யாரும் பொதுவானதைத் தொடக்கூடாது.

அன்றைக்குச் சோதனையில் ஏன் பிடிபடவில்லை என்று தேடினேன். எங்கள் சோதனைச் சூழலில் குறுஞ்செய்தி நிறுவனம் கிடையாது. அதன் இடத்தில் ஒரு பொம்மை இருக்கிறது. சான்றிதழ் காட்டாது, கேட்காது. எதை அனுப்பினாலும் "சரி" என்று சொல்லும். நான்கு வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மருத்துவமனையிலிருந்து உதவி கேட்டு டிக்கெட் ஒன்பது வந்தது, எட்டு முடித்தேன். பிரிண்டர் ஒன்று. கடவுச்சொல் மூன்று. வார்டு பெயர் மாற்றம். ஐசியூ நோயாளி ஒருவரின் வீட்டார் தங்களுக்குச் செய்தி அனுப்பிய நேரம் கேட்டிருந்தார்கள், திரையில் பார்த்து 10.32க்கு அனுப்பப்பட்டது என்று பதில் போட்டேன். அறிக்கை இரண்டு.

மதியம் எலுமிச்சை சாதம். உப்பு இல்லை.


ஜூன் 20, வியாழன்

ஹாஜிரா போன் செய்தாள். ஐசியூ வரவேற்பில் இருக்கும் பெண். நேரில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். போனில் எப்போதும் சிரிப்பவள்.

"அக்கா, நீங்க ஒரு பதில் போட்டீங்கல்ல, பத்து முப்பத்திரண்டுன்னு. அதப் பத்தித்தான்."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலக்கா. அந்தண்ணன் இன்னைக்கும் வந்து உக்காந்துட்டாரு. வெறும் நேரம் மட்டும் போதாதாம். போன் கம்பெனிக்கு எத்தனை மணிக்குப் போச்சு, அவரு போனுக்கு எத்தனை மணிக்கு வந்துச்சு, எல்லாம் வேணுமாம்."

"எதுக்கு?"

அவள் சொன்னதைச் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

பெயர் சென்னியப்பன். கணபதி பகுதியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் ரீவைண்டிங் கடை. மனைவி ரங்கநாயகி பதினொரு நாள் ஐசியூவில். அந்தப் பதினொரு நாளும் அவர் வாசல் நாற்காலியை விட்டு நகரவில்லை. பன்னிரண்டாம் தேதி புதன் காலை வரவேற்பில் வந்து, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரட்டுமா என்று கேட்டிருக்கிறார்.

"நாந்தான்க்கா சொன்னேன். போயிட்டு வாங்கண்ணா, ஏதாச்சும்னா மெசேஜ் வந்துரும்னு. ரெண்டு தடவ கேட்டாரு. நிச்சயமா வருமான்னு. வரும் வரும் கெளம்புங்க, பக்கத்துல நிக்க முடியலன்னு கிண்டல்கூட பண்ணேன்."

அவர் போன பிறகு அந்த அம்மாவுக்கு நினைவு வந்திருக்கிறது. கணவரைக் கேட்டிருக்கிறாள். சிஸ்டர் 10.32க்கு உறவினரை அழைக்கும் செய்திப் பொத்தானை அழுத்தினார். திரையில் அனுப்பப்பட்டது என்று வந்தது. அனுப்பப்பட்டது என்று இருந்தால் யாரும் தனியாக போன் செய்வதில்லை. 11.50க்கு உயிர் போய்விட்டது. அவர் ஈரத் தலையோடு 12.20க்கு வந்தார். வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம்தான்.

"அவரு போன்ல எடம் இல்லன்னு காட்டிச்சாம்க்கா. குளிக்கறதுக்கு முன்னாடி, பத்தே முக்கால் இருக்கும்ங்கறாரு, இருந்த மெசேஜ் எல்லாத்தையும் மொத்தமா அழிச்சிட்டாராம். விளம்பரந்தானேன்னு பாக்கவே இல்லையாம். அதுக்குள்ள இதுவும் இருந்திருக்கு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"மொதல்ல சந்தேகமாத்தான் இருந்தாரு. நீங்க நேரம் போட்டதும் உறுதியாயிருச்சு. பொண்ணு பேசறதில்லையாம்க்கா. அம்மா கூப்பிட்டதையே அழிச்சிட்டியேன்னு. அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

இருந்தேன்.

பதில் போட்டபோது தேதியைக் கவனிக்கவில்லை. எட்டு டிக்கெட்டுகளில் அது ஒன்று.


ஜூன் 21, வெள்ளி

கேன்டீனில் பிரிட்டோ அண்ணாவிடம் சொன்னேன். அவர் முன்னால் வடை. என் முன்னால் டீ.

"அது அவருக்குப் போகவே இல்லண்ணா."

"தெரியும்."

"அப்புறம் ஏன் அனுப்பப்பட்டதுன்னு காட்டுது?"

"வரிசையில போட்ட உடனே அப்படி எழுதிடும். போய்ச் சேர்ந்துச்சான்னு பாக்காது. நாலு வருஷம் முன்னாடி நான் எழுதினது. அப்ப டெமோவுக்கு நாலே நாள் இருந்துச்சு." வடையை இரண்டாகப் பிய்த்தார். தின்னவில்லை. "அப்புறமா மாத்தணும்னு பக்கத்துலேயே குறிப்புகூட எழுதி வச்சிருக்கேன். போய்ப் பாரு, இன்னும் இருக்கும்."

"அவர்கிட்ட சொல்லிடலாம்ண்ணா."

"என்னன்னு சொல்லுவ?"

"அவர் அழிக்கலன்னு."

"வாய்ல சொன்னா எழுத்துல கேப்பாங்க. எழுத்துல போனா வக்கீல் வருவான். ஆஸ்பத்திரி நம்மள விட்டுடும். இதை நம்பி டீம்ல ஏழு பேரு இருக்கோம். மூணு பேருக்குப் போன மாசந்தான் வேலை நிரந்தரமாச்சு. அதுல நீயும் ஒருத்தி." குரலைத் தணித்தார். "அந்தம்மா திரும்பி வரப் போறாங்களா?"

"இல்ல."

"அப்ப?"

டீயைத் தள்ளி வைத்தேன்.

"கவிதை படிக்கிற புள்ளைங்கள கம்ப்யூட்டர் கோடு எழுத விட்டா இதான் வம்பு" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. வடையின் ஒரு பாதியை என் பக்கம் தள்ளினார். எழுந்து கை கழுவப் போனவர் வெகுநேரம் கழுவினார்.


ஜூன் 22, சனி

அந்தக் குறிப்பைத் தேடிப் பார்த்தேன். இருக்கிறது. 'அப்புறம் மாற்றவும். — பிரிட்டோ.'


ஜூன் 25, செவ்வாய்

பரிசோதனைக்கூடத்தின் சான்றிதழை முறைப்படி நேரில் வாங்கி வர மருத்துவமனைக்குப் போனேன். மின்னஞ்சலில் வந்தால் வழியில் யார் மாற்றினார்கள் என்று தெரியாது. கையில் வாங்கினால்தான் நம்பலாம். விதி அப்படி. பென் டிரைவ் ஒன்று, ஒரு பதிவேட்டுக் கையெழுத்து. பத்து நிமிடத்தில் முடிந்தது.

ஐசியூ அந்தக் கட்டடத்தின் இரண்டாவது மாடி. எனக்கு அங்கே வேலை இல்லை. போனேன்.

ஹாஜிரா கண்ணால் காட்டினாள். ஓரத்து நாற்காலி. ஐம்பதைத் தாண்டிய, மெலிந்த மனிதர். வெள்ளைச் சட்டை, மேல் பொத்தான்வரை போட்டிருந்தார். விரல் நுனிகள் மோட்டார் வார்னிஷில் பழுப்பேறியிருந்தன. அவர் ஆள் யாரும் இப்போது உள்ளே இல்லை. இருந்தும் ஐசியூ கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, நீங்க கம்ப்யூட்டர் பாக்கறவங்களா?"

"ஆமாங்க."

"ஒரு ஒதவி. இதுல அழிச்ச மெசேஜை எடுக்க முடியுங்களா?" சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல். "மூணு கடை ஏறிட்டனுங்க. முடியாதுங்கறானுக. படிச்சவங்களால முடியும்னு ஒருத்தரு சொன்னாரு."

வாங்கினேன். சூடாக இருந்தது. செய்திப் பெட்டியில் பன்னிரண்டாம் தேதி பதினொரு மணிக்கு மேல்தான் எல்லாம். அதற்குப் பிறகு வந்த விளம்பரம் ஒன்றைக்கூட அவர் அழித்திருக்கவில்லை. இருநூற்றுக்கு மேல் இருந்தன.

"அது இல்லாட்டிப் போகுதுங்க, அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு ஒருக்கா பாத்தாப் போதும். அவ என்னமோ சொல்லியிருப்பா. அதத்தான நர்சம்மா போட்டிருப்பாங்க?"

அதில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லாருக்கும் ஒரே வாசகம். பெயர் மட்டும் மாறும். நோயாளி ரங்கநாயகியின் உதவியாளர் உடனடியாகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரவும். அவ்வளவுதான். அவள் சொன்ன சொல் எதுவும் அதில் இருந்திருக்காது.

"அழிச்சா எடுக்க முடியாதுங்க" என்றேன்.

இலக்கணப்படி பொய்யில்லை.

"செரிங்க" என்று போனை இரண்டு கையாலும் திரும்ப வாங்கிக்கொண்டார். "சிரமப்படுத்திட்டன். கணபதி பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்லதான் கடை. மிக்சி, மோட்டார் எது கெட்டாலும் கொண்டாங்க. செஞ்சு தாறன்."

ஹாஜிரா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.


ஜூன் 26, புதன்

முடிந்தது. தனித்தனி கான்டெக்ஸ்ட்கள் ஓடுகின்றன.

சோதித்தேன், இந்த முறை பொம்மை இல்லாமல். பரிசோதனைக்கூடத்தின் பட்டியலை வேண்டுமென்றே காலியாக்கினேன். பரிசோதனைக்கூட இணைப்பு விழுந்தது. குறுஞ்செய்தி போனது. பிறகு மாற்றிச் செய்தேன். ஒன்று விழுந்தால் மற்றதற்குத் தெரியவில்லை. அனுப்பப்பட்டது என்ற சொல்லையும் மாற்றினேன், யாரும் கேட்காமலே. எதிர்ப்பக்கம் வாங்கிக்கொண்டதாகச் சொன்ன பிறகுதான் இனி அது வரும். அதுவரை 'காத்திருக்கிறது'. ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால் திரையில் சிவப்பு: போன் செய்யவும்.

என் எண்ணுக்கே ஒரு செய்தி அனுப்பினேன். நான்கு நொடியில் வந்தது.

குழு கைதட்டியது. முட்டை பப்ஸ் வரவழைத்தார்கள். பிரிட்டோ அண்ணா எல்லோர் முன்னும், "சுத்தமான வேலை" என்றார்.

புது அமைப்பில் எத்தனை வரிகள் என்று எண்ணினேன். நூற்றுப் பதினெட்டு. பழையது ஒன்றுதான்.


ஜூன் 27, வியாழன்

பதில் போட்டபோது தேதியைக் கவனித்தேன்.

பன்னிரண்டு என்று பார்த்தேன். திங்கள் முதல் வியாழன் வரை ஒன்றும் போகவில்லை என்று எனக்குத் தெரியும், பதினான்காம் தேதி நானே இங்கே எழுதியிருக்கிறேன். இரண்டு நொடி நின்றேன். திரை அனுப்பப்பட்டது என்றது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் நின்றுகொள்ள வசதியாக இருந்தது. பதில் போட்டேன். டிக்கெட்டை மூடினேன். அடுத்ததைத் திறந்தேன்.

அந்த வரியும் என்னுடையது. திங்கள், ஜூன் 10, மாலை 5.47. பஸ் 6.10க்கு.

இவ்வளவுதான். எழுதினால் சின்னதாகும் என்று நினைத்தது தவறு.


ஜூன் 29, சனி

காலை பத்து மணிக்குக் கணபதி போனேன். பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் ஷட்டர் பாதி ஏற்றிய கடை. குனிந்து நுழைய வேண்டும். உள்ளே செம்புக் கம்பிச் சுருள்கள், திறந்து கிடந்த மோட்டார்கள். அவர் கையால் கம்பி சுற்றும் காயில் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் எண் காட்டி ஒன்று ஏறியது.

"வாங்க அம்மிணி. என்னுங்க, மிக்சியா?"

"இல்லீங்க. ஒண்ணு சொல்லணும்."

"உக்காருங்க."

உட்காரவில்லை. வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். முதலாவதை மட்டும் சொன்னேன்.

"நீங்க அழிக்கலீங்க. அழிக்கறதுக்கு அது உங்க போனுக்கு வரவே இல்ல."

கை நின்றது. கம்பி இழுபட்டபடியே இருந்தது. அதை விட்டால் தளர்ந்துவிடும் போல.

"வந்துச்சுன்னு எழுதிக் குடுத்தாங்களே. பத்து முப்பத்திரண்டு."

"எழுதினது நான்தாங்க. தப்புன்னு தெரிஞ்சே எழுதினேன்."

அவர் புரியாமல் பார்த்தார். நான் சொல்லிக்கொண்டே போனேன். சர்வீஸ், பட்டியல், நான் சேர்த்த ஒரு வரி. செய்தி அனுப்பும் கம்பெனியைத் தெரியாத ஆள் என்று எங்கள் பக்கமே நிறுத்திவிட்டது. மூன்று நாள். அதற்குள் அவருடையது. தெளிவாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"அப்ப ஆஸ்பத்திரில போனைக் கையில குடுத்தனே, அன்னைக்கு?"

"அன்னைக்கும் தெரியுங்க."

"ஓ."

வெளியே ஒரு பஸ் நின்று கிளம்பியது. அவர் கம்பியை ஓர் ஆணியில் முடிந்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்தார். பிறகு திரும்பவும் துடைத்தார்.

"நான் அழிக்கல" என்றார். என்னிடம் இல்லை.

அவர் முகம் லேசாகும் என்று எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் வந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. முகம் வேறு பக்கம் போனது.

"என் போனுக்காவது வந்துச்சுன்னு இருந்தனுங்க. நான் படிக்கல, பாவி, அழிச்சுப்போட்டன். செரி. ஆனா அவ கூப்பிட்டது எங்கிட்ட வந்து சேந்துச்சு. கொஞ்ச நேரம் எம்பட பைக்குள்ள இருந்துச்சுன்னு." நெஞ்சுப் பையைத் தொட்டார். "இப்ப அதும் இல்லீன்னு சொல்றீங்க."

மன்னிப்பு என்ற சொல் வாயில் இருந்தது. அதை வைக்க அங்கே இடம் இல்லை.

"எழுதித் தாறீங்களா?" என்றார்.

"எதுங்க?"

"இப்பச் சொன்னது. எம் பொண்ணு ஓசூர்ல இருக்கறா. கூப்பிட்டா எடுக்கறதில்ல. தபால்ல போட்டா பிரிச்சுப் பாப்பா. அப்பன் சொன்னா நம்பமாட்டா. நீங்க எழுதுனா நம்புவா."

சுற்று எண்ணிக்கை குறிக்கும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். பென்சில் வேண்டாம் என்று தேடிப் பேனா கொடுத்தார். மோட்டார் மூடி ஒன்றின் மேல் வைத்து எழுதினேன். எட்டு வரி. மருத்துவமனையின் பெயர், தேதிகள், என் தவறு, என் பொய்யான பதில், செய்தி அவருக்கு வரவில்லை என்பது. என் பெயர், என் எண்.

உதடு அசைய வாசித்தார். இரண்டு முறை. 'வரவில்லை' என்ற இடத்தில் விரல் நின்றது.

"பேரு மட்டும் இருக்குது" என்றார். "கையெழுத்துப் போடுங்க."

போட்டேன்.

அவர் தாளை மடித்து உறையில் வைத்தார். எச்சில் தொட்டு ஒட்டினார். என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. ஆணியிலிருந்து கம்பியை அவிழ்த்தார். எண் காட்டியைப் பார்த்தார். எத்தனையில் விட்டோம் என்பது அதில்தான் இருந்தது. இருந்தும் கம்பி முழுவதையும் பிரித்து, பூஜ்யத்திலிருந்து சுற்ற ஆரம்பித்தார்.

பஸ்ஸில் உட்கார்ந்து அதே எட்டு வரிகளை இன்னொரு தாளில் எழுதினேன். சனிக்கிழமை ஷிப்டில் பிரிட்டோ அண்ணா இருந்தார். அவர் மேசையில் வைத்து, கையெழுத்துப் போட்டு, அவர் படித்து முடிக்கும்வரை எதிரில் நின்றேன்.